ஜாடிக்கு விழுந்த மாலை

சூளையைத் திறந்ததும் கோதண்டபாணி முதலில் தேடியது செல்போனை. உள்ளே தட்டு சரிந்து, மங்கலம்பேட்டை ஊறுகாய்க் கடை நல்லமுத்துவின் ஜாடிகள் ஒன்றைத் தவிர எல்லாம் சில்லாகிக் கிடந்தன. மாங்காய் சீசன். நல்லமுத்து பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாறிவிட்டால், விருத்தாசலத்தில் இவர் சூளைக்கு வேறு வேலை கிடையாது. பக்குவமாக எழுதவேண்டும்.

பக்குவம் அவருக்குக் கைவந்தது. ஊரில் யார் இறந்தாலும் போஸ்டர் வாசகம் அவருடையதுதான். ஒருமுறை அவர் எழுதியதைப் படித்துக் காட்டியபோது, பாடையில் கிடந்தவர் எழுந்து உட்கார்ந்து, "மச்சினன் பேரு வுட்டுப்போச்சே" என்று சொல்லிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டாராம். ஜங்ஷன் டீக்கடையில் இதற்கு இன்றும் சாட்சி உண்டு.

'ஆறாத் துயரில் நெஞ்சம் விம்ம, நடுங்கும் விரல்களால் தங்களுக்கு அறிவிப்பது யாதெனில்' என்று வாட்ஸ்அப்பில் தொடங்கினார். ஜாடி என்ற சொல் வருவதற்குள் மனைவி கொளஞ்சியம்மாள் இரண்டாவது டீயும் கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

நல்லமுத்து அவ்வளவு தூரம் படிக்கவில்லை. முதல் வரியிலேயே சட்டையை மாட்டிக்கொண்டு, ரோஜா மாலையும் மச்சானுமாகப் பஸ் ஏறிவிட்டார். வாசலில் மச்சான் ஓவென்று அழ, உப்புமா தின்றுகொண்டிருந்த கோதண்டபாணி எட்டிப் பார்த்தார். பின்னாலேயே சட்னியோடு கொளஞ்சியம்மாள்.

"அண்ணியும் நல்லாதான் இருக்காங்க," என்றார் நல்லமுத்து, கொஞ்சம் ஏமாற்றத்தோடு. "அப்ப போனது யாருண்ணே?"

"ஜாடிங்க."

மச்சான் அழுகையைப் பாதியில் நிறுத்த முடியாமல் திணறினார். நல்லமுத்து மாலையைப் பார்த்தார். "இத பூக்கடைக்காரன் திருப்பி எடுக்க மாட்டான்," என்று, பிழைத்த ஒற்றை ஜாடிக்குப் போட்டார். "மாங்கா அறுத்து உப்புல கெடக்குது. வேற ஜாடி எப்ப வரும்? வாயால சொல்லாதீங்க, ஒங்க வாயி ஒங்க எழுத்தவிட நீளம். நான் பஸ்ஸு ஏறறதுக்குள்ள எழுதி அனுப்புங்க. இல்லன்னா டப்பாதான். போயிட்டு வரேன்."

கோதண்டபாணி எழுதினார், அழித்தார், எழுதினார். கொளஞ்சியம்மாள் தோளுக்கு மேலாகப் பார்த்தாள்.

"ஜாடி ஒடஞ்சிபோச்சி. வேற ஜாடி வெள்ளிக்கெழம வரும். இதுக்கா இம்மா நேரம் முக்கறீங்க?"

அதையே அனுப்பினார். கடைத்தெருவில் வேட்டியில்லாமல் நின்றதுபோல் உடம்பு கூசியது.

பஸ் ஸ்டாண்டிலிருந்து உடனே போன் வந்தது. "என்னாண்ணே, பட்டுன்னு முடிச்சிட்டீங்க. எம்மேல கோவமா?"

"கோவம்லாம் இல்லப்பா."

"அப்ப அத எழுதி அனுப்புங்க. மனசு கேக்கல. பஸ்ஸ வுட்டுட்டு நிக்கறேன்."

கோதண்டபாணி நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தார். 'பேரன்பும் பெருமதிப்பும்' வரை ஓடிய கட்டைவிரல் அங்கே நின்றது. எதிரே, மாலை போட்ட ஜாடியின் விளிம்பில் ஓர் ஈ உட்கார்ந்து, கைகளைத் தேய்த்துக்கொண்டு, அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.