நாற்பத்து மூன்று டிகிரி வீடு

சூரங்கரட்டில் மாடக்கண்ணு வீட்டுக்குள் 1974 சித்திரையில் நுழைந்த ஒரு மத்தியானம் 1978 ஐப்பசி வரைக்கும் வெளியே போகவில்லை. வெளியே பொழுது அடைந்தது, விடிந்தது, மார்கழிப் பனியில் கம்பந்தட்டை நனைந்து கிடந்தது. வீட்டுக்குள் மட்டும் உச்சிப்பொழுதின் சூடு கூடாமல் குறையாமல் நின்றது. கூரையில் பதித்திருந்த கண்ணாடி ஓட்டின் வழியாக வந்த வெயில் நடுவீட்டில் ஒரு முறம் அகலத்துக்குக் கட்டமாக விழுந்து, ராத்திரியிலும் அங்கேயே கிடந்தது. குளத்தூர்ப் பக்கமிருந்து பருத்தி வாங்க வந்த வியாபாரிகள் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஊர்க்காரர்களுக்குப் பழகிவிட்டது. மழை நாளில் வடகம் காயவில்லை, வற்றல் பூத்துவிட்டது என்று அந்த வீட்டுக்குத்தான் கொண்டுவந்து கொட்டினார்கள். மாடக்கண்ணுவின் பெண்சாதி அழகுத்தாய் யாரையும் வேண்டாமென்று சொன்னதில்லை. அந்த வெயில் கட்டத்தின் மேல் மட்டும் எதையும் வைக்க விடமாட்டாள்.

அது அவள் மகன் செண்பகராஜ் படுத்திருந்த இடம். ஆறு வயசுப் பையன். மழை ஏமாற்றிய அந்த வருஷம் காய்ந்த செடிகளில் மிச்சமிருந்த பருத்தியை எடுக்க அவள் புஞ்சைக்குப் போயிருந்தாள். கூடவே ஓடித் திரிந்தவன் தலை வலிக்கிறது என்றான். இடுப்பில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, பழைய சோற்றில் நீத்தண்ணி கரைத்துக் கொடுத்து, சிமெண்டுத் தரையில் படுக்க வைத்தாள். அவன் மறுபடியும் விளையாடப் போகணும் என்று எழுந்தபோது, “கொஞ்சம் படுத்துக்கய்யா, வெயில் தாழட்டும், நானே எழுப்புதேன்” என்று சொல்லி, சேலைத் தலைப்பால் விசிறிவிட்டாள். பையன் கண் திறக்கவில்லை. உடம்பை எடுத்துப் போனவர்கள் திரும்பி வரும்போது ஊரில் விளக்கு வைத்திருந்தார்கள். அவர்கள் கைகால் கழுவி உள்ளே நுழைந்தால் வீட்டுக்குள் உச்சி வெயில் எரிந்துகொண்டிருந்தது.

மாடக்கண்ணுவால் ஒரு மாசம்தான் தாங்க முடிந்தது. உடம்பெல்லாம் வேர்க்குரு வெடித்துச் சீழ் பிடித்து, பாயைச் சுருட்டிக்கொண்டு மாட்டுத் தொழுவத்துக்குப் போய்விட்டான். வேறு வீடு பார்க்கலாம், ஓட்டைப் பிரித்துவிடலாம், கோவில்பட்டியில் மில் வேலைக்குப் போய்விடலாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தான். அவள் தண்ணிக்குப் போவாள், தொழுவத்துக்கு வந்து அவனுக்குச் சோறு வைத்துக் கொஞ்சம் உட்காருவாள். அதற்குமேல் இருப்புக் கொள்ளாது. ஒருநாள் அவன் வழியை மறித்து நின்று, “ஏட்டி, செத்தவனுக்குக் காவலா இருக்க? நான் உசுரோட இருக்கேனே” என்று அழுதான். அவள், “நான் இல்லாத நேரம் வெயில் தாழ்ந்துட்டா அவனை யாரு எழுப்புவா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

இந்த வீட்டைப் பற்றி ஒரு தினசரியில் துணுக்காக வந்த செய்தியை மெட்ராஸில் நந்தகோபால் என்ற என்ஜினீயர் படித்தான். வீட்டு உபயோகக் குளிர்பெட்டிகள் எவ்வளவு கரண்ட் தின்கின்றன என்று சோதிக்கும் அரசாங்கக் கூடத்தில் அவனுக்கு வேலை. மின்வெட்டு நாட்டையே ஆட்டிக்கொண்டிருந்த காலம் அது. கரண்டை விழுங்கும் பெட்டிக்குத் தர முத்திரை கிடையாது என்று விதி இருந்தது. நாற்பத்து மூன்று டிகிரிச் சூடுள்ள அறையில் வைத்துத்தான் பெட்டியைச் சோதிக்க வேண்டும், சோதனை முடிகிற வரை அந்தச் சூடு ஏறவோ இறங்கவோ கூடாது. கரண்டை மிச்சம் பிடிக்கிற சோதனைக்காக அறையைச் சூடாக்கவே அவர்கள் கரண்டைக் கொட்டினார்கள். அப்படியும் வோல்டேஜ் விழுந்து விழுந்து ஒரு சோதனையும் ஒழுங்காக முடியவில்லை. மேலதிகாரி அவன் வேலைக்கே உலை வைக்கிற மாதிரிப் பேசத் தொடங்கியிருந்தார். நந்தகோபால் கோவில்பட்டியில் ரயிலிறங்கி, டவுன் பஸ் பிடித்து, கடைசி ஒன்றரை மைலைக் கரிசல் புழுதியில் நடந்து வந்து, அந்த வீட்டின் நான்கு மூலையிலும் வெப்பமானியைத் தொங்கவிட்டான். நான்கும் நாற்பத்து மூன்று காட்டின. அவன் அங்கேயே உட்கார்ந்து மேலதிகாரிக்குக் கடிதம் எழுதினான்.

வீட்டை அரசாங்கம் வாடகைக்கு எடுத்தது. மூன்று பெட்டிகள் லாரியில் வந்து, ஊருக்கு வெளியே மாட்டு வண்டிக்கு மாறி, வீட்டுக்குள் சுவரோரம் நின்றன. மின்வாரியம் தனிக் கம்பி இழுத்துக் கொடுத்தது. ஐஸ் தின்னலாம் என்று ஊரே திரண்டு வந்தது. பெட்டிக்குள் ஒன்றுமே வைக்கக் கூடாது, கதவைத் திறக்கவும் கூடாது, அதுதான் விதி என்று நந்தகோபால் சொன்னதும், “வெறும் பெட்டியப் போட்டு எதுக்கு சார் குளுர வைக்குதீங்க?” என்று கேட்டுச் சிரித்துவிட்டுக் கலைந்தார்கள். மாடக்கண்ணு சிரிக்கவில்லை. சூட்டைத் துரத்த ஒரு வழியும் இல்லாமல் நின்றவனுக்கு, இப்போது அந்தச் சூட்டுக்கு அரசாங்கமே காவல் வந்துவிட்டது. அழகுத்தாய்க்கு ஆட்சேபணை இல்லை. வெயில் கட்டத்தை யாரும் மிதிக்காமல் நடந்தால் போதும் என்றாள். பெட்டி மாற்றிப் பெட்டி வந்துகொண்டே இருந்தது. மாதத்தில் பாதி நாள் வேர்வையில் நனைந்தபடி அங்கே உட்கார்ந்து மீட்டர் ஊசிகளைப் பார்த்துக் குறித்துவந்த நந்தகோபாலும் அந்தக் கட்டத்தைச் சுற்றித்தான் நடந்தான்.

1978-இல் அவள் மறுபடியும் உண்டானாள். மாடக்கண்ணுவின் அக்கா பெத்தம்மாள் பிரசவம் பார்க்கக் குளத்தூரிலிருந்து வந்தாள். ஐப்பசி அடைமழையில் தொழுவம் இடிந்து விழுந்தது, ஓடை பெருகிப் பஸ் நின்றது. அந்த வாரத்தில் பக்கத்து வீட்டுத் தாழ்வாரத்தில் பெண் பிள்ளை பிறந்தது. குலசாமி பெயரையே வைத்து வெயிலுகந்தம்மாள் என்றார்கள். பிள்ளை பிறந்த கையோடு அழகுத்தாய் எழுந்து தன் வீட்டுக்குப் போய்விட்டாள். பிள்ளையை அங்கே கொண்டுபோனால் கொஞ்ச நேரத்தில் துவண்டு, உதடு காய்ந்து, அழக்கூட முடியாமல் கிடந்தது. வெளியே கொண்டுவந்தால் அழுதது, பாலுக்கு அழுதது. ஆட்டுப்பாலில் துணியை நனைத்து வாயில் வைத்தால் துப்பியது. அழகுத்தாய் வாசலுக்கு வந்து மழைச் சாரலில் நின்று பால் கொடுப்பாள். பாதியில் உள்ளே திரும்பிப் பார்ப்பாள், பிள்ளையை மார்பிலிருந்து பிடுங்கிப் பெத்தம்மாள் கையில் கொடுத்துவிட்டு ஓடுவாள். அந்தச் சூட்டில் இருந்து இருந்து அவள் மார்பும் வற்றிக்கொண்டு வந்தது. பிள்ளை நாளுக்கு நாள் சுருங்கியது. பெத்தம்மாள் வாசலில் நின்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

“ஏட்டி அழகு, அது போயிருச்சு. இது இங்கன உசுருக்குத் தவிக்கு. வெளிய வாட்டி.”

“வர முடியலியே மதினி. கால் வரமாட்டேங்குதே. எனக்கு மட்டும் இது புள்ளை இல்லியா?”

மாடக்கண்ணு அவளைத் தூக்கிக்கொண்டு வந்து வெளியே போட்டான். அவள் சேற்றில் தவழ்ந்து திரும்பிப் போனாள். அதன்பிறகு வேப்பமரத்தடியில் மழையில் உட்கார்ந்தவன் அன்று முழுக்க எழுந்திருக்கவில்லை.

வெள்ளத்தால் திரும்பிப் போக முடியாமல் நந்தகோபாலும் ஊரில்தான் மாட்டிக்கொண்டிருந்தான். அன்று அவன் ஒரு புதுப் பெட்டிக்கு இதுவரை செய்யாத வேறொரு சோதனையை ஆரம்பித்திருந்தான். இதில் கரண்ட் கொடுக்காமல் கதவை அகலத் திறந்து வைக்க வேண்டும். எப்போதும் மூடிக் கிடக்கிற பெட்டி திறந்து கிடப்பதை அழகுத்தாய் அன்றுதான் பார்த்தாள். அது எதற்கு என்று கேட்டாள். பிள்ளையின் அழுகையைக் கேட்டுக் கேட்டு, யாரோடாவது பேசினால் போதும் என்றிருந்த அவன் விளக்கமாகச் சொன்னான். அறையில் இருக்கிற சூடு அத்தனையும் முதலில் பெட்டிக்குள் போக வேண்டும். உள்ளேயும் வெளியேயும் ஒன்றான பிறகு கதவைச் சாத்தி கரண்ட் கொடுப்பார்கள். உள்ளே மாட்டிய சூட்டைப் பெட்டி கொஞ்சம் கொஞ்சமாக இறக்கும்.

“தாழ்ந்துருமா சார்?” என்று கேட்டாள்.

“அதுக்காகத்தாம்மா இந்தப் பெட்டியையே செய்றாங்க” என்றான்.

“நடுவுல யாராவது தொறந்துட்டா?”

“தொறக்கக் கூடாது. ஆரம்பிச்ச சோதனை முடியிற வரைக்கும் தொறக்கவும் கூடாது, பெட்டியை நகத்தவும் கூடாது. விதியே அப்படித்தான்.”

வெளியே பிள்ளையின் அழுகை நின்று நின்று கேட்டது. அழகுத்தாய் தரையில் கிடந்த வெயிலுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து உட்கார்ந்தாள். அவள் என்ன சொன்னாள் என்பதை நந்தகோபால் பிற்காலத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே மாதிரித்தான் சொன்னான். “செண்பகம், தரை சுடுது பாரு. எந்திரிக்காண்டாம், அப்படியே நவுந்து அந்தப் பொட்டிக்குள்ள படுத்துக்க. அங்கன சீக்கிரம் வெயில் தாழும். அம்மா இங்கனதான் இருப்பேன்.” வெயில் கட்டம் அசையவில்லை. அவள் கெஞ்சினாள், இரண்டாவது முறை அதட்டினாள், பிறகு தரையில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். அப்போது வெயில் கட்டம் நகர்ந்தது. சிமெண்டுத் தரையில் ஊர்ந்து, பெட்டியின் விளிம்பில் மடிந்து ஏறி, உள்ளே கம்பித் தட்டுக்குக் கீழே போய்ச் சுருண்டது. அவள் கதவைச் சாத்தி அதன்மேல் சாய்ந்துகொண்டாள். வீட்டுக்குள் ஈரக் காற்று வந்தது, ஓட்டின் மேல் மழை பெய்கிற சத்தம் நான்கு வருஷத்துக்குப் பிறகு உள்ளே கேட்டது. நந்தகோபால் சுவிட்சைப் போட்டான். பெத்தம்மாள் பிள்ளையைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தாள். பெட்டியில் சாய்ந்தபடியே அவள் பால் கொடுத்தாள். பிள்ளை பிழைத்தது.

விதிப்படி அந்தப் பெட்டி சில மணி நேரத்தில் உள்ளே ஏழு டிகிரிக்கு வந்திருக்க வேண்டும். ஒரு வாரம் ஓடியும் உள்ளே நாற்பத்து மூன்றுதான். தோற்றுப்போன பெட்டியைத் திருப்பி அனுப்பு என்று மெட்ராஸிலிருந்து உத்தரவு வந்தது. சோதனை இன்னும் முடியவில்லை, முடியாத சோதனையை விதிப்படி நிறுத்த முடியாது என்று நந்தகோபால் எழுதினான். திரும்பத் திரும்ப அதையே எழுதினான். வீடு குளிர்ந்துபோனதால் அவனால் இனி எந்தப் பிரயோஜனமும் இல்லை என்று கண்டுகொண்ட மேலதிகாரிகள் பதவி உயர்வை நிறுத்தினார்கள், கிட்டங்கிச் சரக்கை எண்ணுகிற வேலைக்குத் தூக்கிப் போட்டார்கள். விதிப் புத்தகம் அவன் பக்கம் இருந்ததால் பெட்டியை மட்டும் யாராலும் தொட முடியவில்லை. வருஷத்துக்கு ஒருதரம் தன் கைக்காசில் ரயிலேறி வந்து ஊசியைப் பார்த்துவிட்டுப் போனான்.

அந்த ஊசிதான் அழகுத்தாயைப் படுத்தியெடுத்தது. ஆடி தொடங்கித் தை வரைக்கும் மயிரிழை அளவு இறங்கும், கோடையில் மின்வெட்டு வந்து இறங்கியதை எல்லாம் ஏற்றிவிடும். கரண்ட் போனால் அவள் பெட்டியின் மேல் ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டு, கோவில்பட்டிக்குப் பஸ் ஏறி மின்வாரிய ஆபீஸ் வாசலில் உட்கார்ந்துகொள்வாள். திட்டுவாள், கும்பிடுவாள், அங்கேயே படுத்துக் கிடப்பாள். எண்பத்து மூன்று வறட்சியில் பகலெல்லாம் கரண்ட் இல்லாமல் ஊசி பழையபடி நாற்பத்து மூன்றுக்கே போய் நின்றது. அன்றைக்கு அவள் கதவைத் திறந்து தானும் உள்ளே போய்விடப் பார்த்தாள். மாடக்கண்ணு கட்டிப் பிடித்துக்கொண்டு, “விடுட்டி, முதல்ல இருந்து இறக்குவோம்” என்றான். அப்போதுதான் அவன் முதல்முறையாக இறக்குவோம் என்று சொன்னான். அந்த வருஷத்திலிருந்து ஊர்க்காரர்கள் வோல்டேஜ் விழாமல் இருக்க வேண்டும் என்று கிணற்று மோட்டாரை முறை வைத்துப் போட்டார்கள், சாயங்காலம் வீட்டு விளக்குகளைக் குறைத்துக்கொண்டார்கள். வெளியூரிலிருந்து வந்த மருமகள்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுத்தார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

1989 தை மாசத்தில் ஒரு பிற்பகல், வெயிலுகந்தம்மாள் பள்ளிக்கூடத்துக் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கும்போது, கரண்ட் இருந்தும் பெட்டியின் இரைச்சல் தானாக நின்றது. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தோடு வளர்ந்தவள் காது அடைத்துவிட்டதென்று பயந்துபோய் அம்மாவைக் கூப்பிட்டாள். தந்தி கொடுத்து நந்தகோபால் வந்து சேரும் வரை கதவைத் திறக்கவில்லை. தலை நரைத்திருந்த அவன் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஊசியைப் பார்த்தான். ஏழு காட்டியது. கையெழுத்துப் போட்டுவிட்டு, “இனி தொறக்கலாம்மா” என்றான். அழகுத்தாய் திறந்தாள். உள்ளே வெயில் மஞ்சளாக, நீளமாக, சாய்ந்து கிடந்தது. புஞ்சையிலிருந்து மாடுகள் திரும்புகிற நேரத்து வெயில். அவள் அன்றைக்குச் சொன்னபடி மகனை எழுப்பினாள். வாசலில் கூடியிருந்தவர்கள் இரண்டு பக்கமும் விலகி வழி விட்டார்கள். பெத்தம்மாள் மட்டும் குனிந்து, போகிறவனின் தலையைத் தடவுவது போலக் கையைக் காற்றில் வைத்து எடுத்தாள். பெட்டி இருட்டிவிட்டது.

அடுத்த வாரமே அரசாங்க லாரி வந்து பெட்டியை ஏற்றிக்கொண்டு போனது. அது நின்ற இடத்தில் மாடக்கண்ணு உளுந்து மூட்டைகளை அடுக்கினான். அதிலிருந்து அந்த வீட்டுக்குள் சாயங்காலம் மற்ற வீடுகளைவிடக் கொஞ்சம் முன்னதாகவே வந்துவிடுகிறது. கத்திரி வெயிலில் காய்ந்த பருத்திமார் பிடுங்கிவிட்டு வருகிறவர்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொள்கிறார்கள். இடம் போதாத நாளில் அழகுத்தாய் உளுந்து மூட்டைகளை வாசலுக்கு இழுத்துப் போடுகிறாள்.