போத்தலில் உதிர்ந்த தூள்

மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், 1979-இல், துரை பங்களாவுக்குப் போகும் வழியில் நின்ற பதினாறு அகேசியா மரங்களிலும் கட்டி கட்டியாகப் புடைத்தது. மஞ்சளாகப் பூக்கும் ஆஸ்திரேலிய மரங்கள். துரைக்கு அவை பெற்ற பிள்ளை மாதிரி. யார் தலையிலாவது பழியைப் போட வேண்டுமே, மருந்தடிக்கும் சிங்காரம் அகப்பட்டான். களைக்கு அடிக்கும் புல் மருந்து காற்றில் வந்து பட்டுத்தான் இப்படி என்று துரை முடிவு கட்டிவிட்டார். பத்து நாளில் வேறு காரணம் காட்டாவிட்டால் வேலையும் போகும், தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். அந்த வேலைநீக்கக் கடிதத்தை டைப் அடிக்க வேண்டிய ஆபீஸ் கிராணி நான்.

"பூச்சிதான் ஐயா. வெளிய வரட்டும், புடிச்சுக் காட்டறேன்" என்றான் சிங்காரம். கட்டிகளை வெட்டி ஹார்லிக்ஸ் போத்தலில் போட்டு, வாயைத் துணியால் கட்டி வைத்தான்.

பத்தாம் நாள் ஆபீசுக்கு வந்தான். போத்தல் பளபளவென்று இருந்தது.

"ஒண்ணும் வரலியா?"

"ஒரு கொசுகூட இல்ல ஐயா. காவித் தூளுதான் கொட்டுது. தெனம் கழுவிடுவேன்."

மருந்தடிப்பவர்கள் போத்தலை அழுக்காக விடமாட்டார்கள். கை அப்படிப் பழகிவிட்டது. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"அந்தத் தூளு எங்கேருந்துடா வருது? தேடுனத நீயே கழுவி ஊத்தியிருக்கியே!"

ஓடிப்போய் மரத்தில் ஒரு கட்டியை உடைத்தோம். உள்ளங்கையெல்லாம் காவி. துரையிடம் தவணை கேட்டு, கட்டிகளை விவசாய அதிகாரி ஒருவருக்கு அனுப்பினேன். மூன்று வாரத்தில் பதில் வந்தது. பூச்சியும் இல்லை, மருந்தும் இல்லை, துருப் பூஞ்சணம். அதன் தூள் பட்ட அகேசியாவில் எல்லாம் பரவும். துரை மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. சிங்காரத்தின் வேலை தப்பியது.

ஏழு மாதம் கழித்து என்னை லயத்துப் பின்பக்கம் கூட்டிப்போனான். துரை மரத்து விதையில் அவன் மனைவி வேலாயி வளர்த்த இளம் அகேசியா அங்கே நின்றது. பங்களாவிலிருந்து ஒரு மைல் இருக்கும். கிளையெல்லாம் கட்டி.

"போத்தல் கழுவுன தண்ணிய வாய்க்கால்ல ஊத்தக்கூடாதுன்னு இது மேலதான் ஊத்துனேன். பங்களா மரத்துக்கு வந்தது நான் செய்யல ஐயா. இது நான்தான். தொரைகிட்ட சொல்லிடுங்க லா."

அவன் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. துரையிடம் நான் சொல்லவில்லை. வேலாயி உள்ளே போய் மரம் வெட்டும் கத்தியை எடுத்துவந்து அவனிடம் நீட்டினாள்.