துக்கச் சாப்பாட்டில் இரண்டு ஹாலந்துக்காரிகள்

லீசலோட்டுக்குச் சுற்றுலாப் பயணிகளைக் கண்டால் ஆகாது. தானும் அவர்களைப் போலவே சக்கரப் பெட்டியை உருட்டிக்கொண்டு பக்கத்து நாட்டிலுள்ள கெண்ட் ரயில் நிலையத்தில் வந்து இறங்கியவள்தான் என்பது அவள் மண்டையில் ஏறவே இல்லை. கால்வாய்ப் படகுக்கு வரிசையில் நின்றவர்களைப் பார்த்து "ஆட்டு மந்தை" என்றாள். கோட்டை வாசலில் நின்ற பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்தும் அதையே சொன்னாள்.

"நாம ஊரைப் பாக்க வரலடி. ஊருக்குள்ள இருந்து பாக்க வந்திருக்கோம்," என்று கூட வந்த மாரிட்டிடம் விளக்கினாள்.

மாரிட்டுக்குப் படகில் போக ஆசை. பேராலயத்திலுள்ள பெரிய ஓவியத்தைப் பார்க்கவும் ஆசை. வந்து இறங்கிய வெள்ளிக்கிழமையே இரண்டு ஆசையையும் வெளியே சொல்லாமல் விழுங்கிவிட்டாள். ஹாலந்தில், டெவென்டர் என்ற ஊரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை. பகல் முழுக்க, "இந்த ஃப்ரேம் உங்க முகத்துக்குப் பொருத்தமா இருக்கு" என்று பொய் சொல்லிவிட்டு வெளியே வந்தால், யாரையும் மறுத்துப் பேசுகிற தெம்பு மிச்சம் இருக்காது. லீசலோட் அதே ஊர் நகராட்சியில் இருந்தாள். எந்தத் தெருவுக்குக் குப்பைத் தொட்டி மாறுகிறது என்ற அறிவிப்புகளை எழுதுவது அவள் வேலை. "நான் கதை சொல்றவ" என்று அதைப் பற்றிச் சொல்லிக்கொள்வாள்.

பள்ளிக்கூட நாளிலிருந்தே சிநேகிதம். நீச்சல் வகுப்பில் மற்றப் பெண்கள் மாரிட்டின் உடைகளை ஒளித்துவைத்தபோது, தன் மேல்கோட்டைக் கழற்றிக் கொடுத்து வீடுவரை கூட்டிக்கொண்டு போனவள் லீசலோட். போன குளிர்காலத்தில், கல்யாணம் வரை வந்தவன் மாரிட்டை விட்டுப் போனபோதும், துணைக்கு மாரிட் வீட்டு சோபாவில் வந்து படுத்துக்கொண்டவள் லீசலோட்தான். அதை மாரிட் மறக்கவில்லை. லீசலோட் மறக்க விடவும் இல்லை. இந்தப் பயணமே, "உன்னைத் தேத்துறதுக்கு" என்று ஏற்பாடானது.

சனிக்கிழமை மதியம் தேற்றல் மழையில் நடந்தது. ஊர் மையத்தை விட்டு விலகி, டிராம் பாதையை ஒட்டி, லேடபெர்ஹ் பக்கம் மாரிட்டை இழுத்துக்கொண்டு போனாள் லீசலோட். அங்கே பார்க்க எதுவும் இல்லை. சலவைக் கடை, பூட்டிய இறைச்சிக் கடை, ஒரே மாதிரிச் செங்கல் வீடுகள். அவற்றைத்தான் "எவ்வளவு நிஜமா இருக்கு பாரு" என்று படம் எடுத்துக்கொண்டே வந்தாள். மாரிட்டின் காலணிக்குள் தண்ணீர் புகுந்து சொதசொதவென்று ஆகிவிட்டது.

ஒரு முனையில் காபிக்கடை இருந்தது. ஜன்னலில் பின்னல் திரை, உள்ளே மஞ்சள் வெளிச்சம். நிறைய ஆட்கள்.

"பாத்தியா? ஒரு வெளியூர் மூஞ்சிகூட இல்ல," என்று கதவைத் தள்ளினாள் லீசலோட்.

உள்ளே எல்லாரும் கறுப்பு உடையில் இருந்தார்கள். நீளமாகச் சேர்த்துப் போட்ட மேசைகளில் வெள்ளை விரிப்பு. கல்லா மேல் ஒரு மெழுகுவர்த்தி எரிந்தது. அதன் பின்னால் ஒரு கிழவரின் படம் சட்டம் போட்டு வைத்திருந்தது.

"லீசலோட், யாரோ செத்திருக்காங்கடி. வா, போயிடலாம்," என்று மாரிட் அவள் கையைப் பிடித்தாள்.

"சும்மா இரு," என்றாள் லீசலோட். அவள் முகம் பிரகாசமாகியிருந்தது. "இதைவிட உள்ளூர் உனக்கு எங்கடி கிடைக்கும்?"

வாசலோரம் நின்ற வயதானவர் அதற்குள் கையை நீட்டிவிட்டார். செத்தவரின் தம்பி, பெயர் ஃபிர்மின். லீசலோட் அவர் கையை இரண்டு கைகளாலும் பற்றி, தலையைச் சாய்த்து, "ரொம்ப வருத்தமா இருக்குங்க" என்றாள். மொழி ஒன்றுதான், ஆனால் வாயைத் திறந்ததும் உச்சரிப்பு காட்டிக்கொடுத்துவிட்டது.

"ஹாலந்துக்காரங்களா? அவ்வளவு தூரத்துலேருந்தா வந்தீங்க?" ஃபிர்மினுக்குக் கண் கலங்கியது. "அண்ணன் ஓமர் ஹாலந்துக்குப் பூ லாரி ஓட்டினாரே, அந்தப் பழக்கமா?"

"ஆமாங்க," என்றாள் லீசலோட். கூசாமல் சொன்னாள்.

ஃபிர்மின் இருவரையும் மேசை நடுவில் இடம் ஒதுக்கி உட்கார வைத்தார். இறைச்சி உருண்டை போட்ட தக்காளி சூப் வந்தது. பிறகு பாலாடைக்கட்டியும் பன்றித் தொடைக்கறியும் வைத்த சின்ன ரொட்டிகள் வந்தன. மாரிட்டுக்குச் சூப்பைத் தொடவே கூச்சமாக இருந்தது. ஆனால் குளிரில் வந்தவள், பசியும் இருந்தது. சாப்பிட்டுவிட்டாள். லீசலோட் மேசை விளிம்பில் போனைச் சாய்த்து வைத்து, சூப்பையும் எதிரே அழுதுகொண்டிருந்த ஒரு மனிதரையும் படம் எடுத்தாள்.

"செத்தவங்க வீட்டுல போட்டோ எடுக்காதடி."

"வீடு இல்ல, காபிக்கடை. ஒரு மரியாதையோடதான் எடுக்கிறேன்."

மரியாதையோடு மூன்று நாலு எடுத்தாள்.

காபி வரும் நேரத்தில் ஓமரின் மனைவி லூத்கார்ட் ஒவ்வொருவரிடமும் வந்து நின்று பேசிக்கொண்டே வந்தாள். குட்டையான, அகலமான பெண். கறுப்பு ஸ்வெட்டர், பள்ளிக்கூட ஆயாவைப் போல இறுக்கிக் கட்டிய முடி. இவர்கள் பின்னால் வந்து நின்றாள்.

"ஃபிர்மின் சொன்னாரு. எந்த ஊருலேருந்து வந்திருக்கீங்க?"

"டெவென்டருங்க."

"டெவென்டரா. அங்க அவர் போனதா எனக்குத் தெரியலையே. பூ ஏலச் சந்தைக்குப் போவாரு, சரக்கை இறக்குவாரு, திரும்பிடுவாரு."

இங்கே நிறுத்தியிருக்கலாம். தப்பான இடத்துக்கு வந்துவிட்டோம், மன்னியுங்கள் என்று எழுந்திருந்தால் சிரித்து அனுப்பியிருப்பார்கள். ஆனால் கதை சொல்கிறவளுக்குக் கதை கிடைத்துவிட்டது.

"வருவாருங்க. அந்தப் பக்கம் வந்தா எங்க வீட்டுக்கு வராம போக மாட்டாரு. எங்கம்மாவுக்குன்னு எப்பவும் ஒரு அசேலியாப் பூந்தொட்டி எடுத்து வச்சிருப்பாரு. நான் சின்னப் பொண்ணு. அவர் வந்தாலே வீடு கலகலன்னு ஆயிடும்."

லூத்கார்டின் கை நாற்காலி முதுகின் மேல் இருந்தது. அந்தக் கை அசையவில்லை.

"உங்கம்மாவுக்கா?"

"ஆமாங்க."

"அப்பா?"

"அப்பா எங்களை விட்டுட்டுப் போயிட்டாரு. அம்மா தனியாத்தான் இருந்தாங்க."

"அம்மா பேரு என்னம்மா?"

அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று அந்த மேசையில் மாரிட்டுக்கு விளங்கியது. எதிரே இருந்த மனிதருக்கும் விளங்கியது. கரண்டியைக் கீழே வைத்தார். லீசலோட்டுக்கு மட்டும் விளங்கவில்லை. தன் தாயின் உண்மையான பெயரையே எடுத்துக் கொடுத்தாள், அதுவும் ஒரு புன்சிரிப்போடு. "யனெக்கெ."

"யனெக்கெ," என்று லூத்கார்ட் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். பிறகு திரும்பிச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

"பாத்தியா, எவ்வளவு நெகிழ்ந்துட்டாங்க," என்று லீசலோட் கிசுகிசுத்தாள். "ஒரு நல்ல நினைவைக் கொடுத்திருக்கேன். அவங்களுக்கு இன்னைக்கு அது வேணும்."

மாரிட் அவளைப் பார்த்தாள். இத்தனை வருஷம் பழகியதில் லீசலோட் திமிர் பிடித்தவள் என்று தெரியும், அலட்டல்காரி என்று தெரியும். முட்டாள் என்று இன்றுதான் தெரிந்தது. எழுந்து சமையலறைக்குப் போனாள்.

லூத்கார்ட் பாத்திரத் தொட்டியில் கையை விட்டபடி நின்றிருந்தாள். எதையும் கழுவவில்லை. பக்கத்தில் ஒரு பெண் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். "சில தடவை ஒரு ராத்திரி தாமதமா வருவாரு," என்று லூத்கார்ட் சொல்லிக்கொண்டிருந்தாள். "ரோட்டுல பனின்னு சொல்வாரு."

"அம்மா, எல்லாம் பொய்," என்றாள் மாரிட். "அவரை எங்களுக்குத் தெரியாது. மழைக்கு ஒதுங்கி உள்ள வந்தோம். அவ வாய்க்கு வந்ததைச் சொன்னா."

லூத்கார்ட் திரும்பிப் பார்த்தாள். "இதை உன் சிநேகிதியைக் காப்பாத்தச் சொல்றியா, என்னைக் காப்பாத்தச் சொல்றியா?"

"நிஜத்தைச் சொல்றேம்மா."

"நீயும்தானே சாப்பிட்ட."

 லூத்கார்ட் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே நடந்தாள். லீசலோட்டின் எதிரில் போய் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லும்மா. ஓமருக்கு எந்தக் கையில விரல் போயிருந்துச்சு?"

 லீசலோட் கல்லா மேலிருந்த படத்தை ஓரக்கண்ணால் பார்த்தாள். அதில் முகம் மட்டும்தான் இருந்தது.

"இடது கைன்னு நினைக்கிறேங்க," என்றாள். பிறகு, பாவம், இன்னும் கொஞ்சம் சேர்த்தாள். "நான் சின்னப் பிள்ளையில அதைப் பாத்துப் பயப்படுவேன். அவர் சிரிப்பாரு."

"அவருக்குப் பத்து விரலும் இருந்துச்சு," என்றாள் லூத்கார்ட். "படுக்கையில விழுந்ததுலேருந்து நான்தான் நகம் வெட்டி விட்டேன்."

யாரோ ஒருவர் மூக்கால் சிரித்தார். அது சட்டென்று அடங்கிவிட்டது. லீசலோட்டின் கழுத்திலிருந்து சிவப்பு மேலே ஏறியது. எழுந்திருக்கப் பார்த்தாள்.

"உக்காரு," என்றாள் லூத்கார்ட். "சூப் மிச்சம் இருக்கு. எங்க வீட்டுச் சாவுல யாரும் தட்டுல மிச்சம் வைக்கிறதில்ல. சாப்பிடு."

லீசலோட் சாப்பிட்டாள். ஆறிப்போன சூப்பை, கடை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, கரண்டி கரண்டியாகக் குடித்தாள். ஒருவரும் திட்டவில்லை. தொலைக்காட்சியில் வானிலை பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். நின்றுகொண்டிருந்த மாரிட்டை யாரும் உட்காரச் சொல்லவில்லை. லீசலோட் முடித்ததும் ஃபிர்மின் வந்து கையை நீட்டினார். "போன்." மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொடுத்தாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு படமாகத் தானே அழித்தார். சலவைக் கடைப் படமும் அதோடு போயிற்று.

லீசலோட் முதலில் வெளியேறிவிட்டாள். பின்னால் போன மாரிட்டை லூத்கார்ட் வாசலில் நிறுத்தினாள்.

"பொய்னு இப்ப தெரிஞ்சுபோச்சு. சரி. ஆனா அந்தக் கொஞ்ச நேரம் நான் அவரை நம்பல. அவர் மேல போட்ட மண்ணு இன்னும் காயல, அதுக்குள்ள மனசுக்குள்ள அவரை அசிங்கமா திட்டிட்டேன். அதை எங்க போயி அழிக்கிறது? அதுக்கு உங்கிட்ட ஏதாவது இருக்கா?"

"இல்லம்மா."

"இல்லல்ல. போ."

டிராம் நிறுத்தத்தின் கூரைக்கு அடியில் லீசலோட் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். அழுகை இல்லை, ஆத்திரம்.

"என்ன பொம்பளைடி அவ. விருந்தாளியை இப்படியா நடத்துறது? நீ போய் உளறாம இருந்திருந்தா எல்லாம் அழகா முடிஞ்சிருக்கும். நாட்டுப்புறத்தாங்க. மனசு விரியாதவங்க. உனக்குத் தெரியுமா, அந்தாளு என் போனை நோண்டுறது சட்டப்படி குற்றம்."

லூத்கார்ட் வாசலில் சொன்னதை மாரிட் அப்படியே சொன்னாள். இது கேட்டாலாவது ஏதாவது நடக்கும் என்று நினைத்தாள். ஒரு நிமிஷம் வாயை மூடுவாள், அல்லது முகம் மாறும்.

லீசலோட்டின் முகம் மாறத்தான் செய்தது. ஆத்திரம் வடிந்து, கண் விரிந்தது.

"அப்படியேவா சொன்னா? 'மண்ணு இன்னும் காயல'ன்னா?" போனை எடுத்தாள். "எவ்வளவு நிஜமா இருக்கு. இன்னொரு தடவை சொல்லு, மறந்துடுவேன்."

விரல்கள் திரையின் மேல் தயாராக நின்றன.

மாரிட் அந்த முகத்தை நன்றாகப் பார்த்தாள். கடையில் வருகிறவர்களுக்கு எந்த ஃப்ரேம் பொருந்தும் என்று பார்க்கிற அதே கவனத்தோடு பார்த்தாள். எதுவும் பொருந்தாது என்று பட்டது.

"நீ எனக்குக் கோட்டு கொடுத்த, லீசலோட். குளிர்காலத்துல வந்து கூட இருந்த. அதெல்லாம் நிஜம். ஆனா அன்னைக்கும் இப்படித்தான் எழுதிக்கிட்டியா, நான் அழுததை?"

"என்னடி பேசுற? எழுதினா என்ன? நான் உணர்றவ. உன்னை மாதிரி கட்டை இல்ல."

"சரி," என்றாள் மாரிட்.

டிராம் வந்தது. மாரிட் ஏறினாள். லீசலோட் ஏறவில்லை, பின்னாலிருந்து, "கோச்சுக்காதடி, குழந்தை மாதிரி" என்று கத்தினாள். விடுதியில் மாரிட் ஈரக் காலணியை ஒரு பையில் சுற்றி, பெட்டியை அடைத்துக்கொண்டு, ஊர் திரும்ப, ஆண்ட்வெர்ப் வழியாகப் போகிற ரயிலைப் பிடித்தாள். வழியில் ஒரு செய்தி வந்தது. இன்னொரு தெருவில் ஒரு சாராயக் கடை கண்டுபிடித்திருக்கிறாளாம், ஒரு வெளியூர் மூஞ்சிகூட இல்லையாம், கோபம் தணிந்தால் திரும்பி வரலாமாம். மாரிட் பதில் எழுதவில்லை. அடுத்து வந்தவற்றுக்கும் எழுதவில்லை.

டெவென்டர் சின்ன ஊர். இப்போதும் சந்தையில் எதிர்ப்படுகிறார்கள். மாரிட்டுக்கு நரம்புத் தளர்ச்சி என்று லீசலோட் எல்லாரிடமும் பரிவோடு சொல்லிவருகிறாள். மாரிட் காதுக்கும் அது வந்தது. திருத்தப் போகவில்லை. லீசலோட் என்ன நினைக்கிறாள் என்பது அவளுக்கு இப்போது குப்பைத் தொட்டி அறிவிப்பு மாதிரி. கண்ணில் படும், படிப்பதில்லை. "நீயும்தானே சாப்பிட்ட" என்றவளின் குரல்தான் சில நாள் வேலை நடுவில் வந்துவிடுகிறது. அப்போது கையிலிருக்கும் கண்ணாடியைத் தேவைக்கு மேலேயே துடைத்துக்கொண்டிருப்பாள்.