காலிக் கூடத்தின் குரல்

ஸ்ரீமதி சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. சாயங்காலம் ஆனால் கடலூரிலிருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டுவிடுவாள். புதுப்பாளையத்து வீட்டில் அம்மா தில்லையம்மாளோடு தம்பி ஜெயப்பிரகாஷும் அவன் மனைவியும் இருந்தார்கள். கொஞ்ச நாளாக அம்மாவின் போனைப் பெரும்பாலும் தம்பிதான் எடுத்தான்.

அன்றும் அவனே எடுத்தான். அம்மா தூங்குவதாகச் சொன்னான். ஆனால் அவன் பேசி நிறுத்திய பிறகும் குரல் நிற்கவில்லை. கடைசிச் சொல் கணகணவென்று கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போயிற்று.

"எங்கடா இருக்க?"

"நம்ம வீட்லதான்க்கா. கூடத்துல."

ஸ்ரீமதிக்குச் சந்தேகம் தட்டியது. பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் அவள் நடத்துகிற பாடம் அது. பேசுகிற சத்தம் சுவரில் பட்டுத் திரும்பும். கட்டில் மெத்தையும் திரைச்சீலையும் கொடியில் கிடக்கும் துணியும் அதில் பெரும்பகுதியைக் குடித்துவிடும். சாமான்களை எடுத்துவிட்டால் அது வெறும் சுவருக்கும் தரைக்கும் மாறி மாறி மோதும், குரல் நீளும். அம்மாவின் கூடத்திலோ கட்டிலும் புடவை மூட்டைகளுமாக நடக்கவே இடமிருக்காது.

மறுநாள் லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். வீட்டுக் கதவு திறந்திருந்தது. கூடத்தில் ஒரு பொருளும் இல்லை. ஒருவர் சுவருக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற ஜெயப்பிரகாஷ் அக்காவைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

"அம்மா எங்கடா?"

அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். வீட்டை விற்கப் பேசியாகிவிட்டது; அவனுக்குச் சென்னையில் வேலை; அம்மா போன மாதமே பண்ருட்டி சாலையிலுள்ள முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டாள்.

"தினம் போன்ல பேசுனியே. ஒரு வார்த்த சொல்லத் தோணலையா?"

"அம்மாவக் கேளுக்கா" என்றான்.

இல்லத்தில் அம்மா கட்டிலில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தாள். நெருக்கமாக ஆறேழு கட்டில்கள், தடித்த திரைச்சீலைகள், எங்கும் துணிகள். ஸ்ரீமதிக்கு அப்போதுதான் புரிந்தது. நடுநடுவே சில நாள் அம்மாவே பேசினாளே, வாசலில் மல்லிகைக்குத் தண்ணீர் விட்டதாக, பக்கத்து வீட்டில் விசேஷம் என்று. எல்லாம் தம்பி போனைக் கொண்டுவந்து கொடுத்த நாட்களில், இங்கிருந்துதான். இந்த அறையில் குரல் நீளவில்லை; சொந்த வீட்டில் பேசுவது போலவே கேட்டிருக்கிறது.

அம்மாவைக் கையோடு கூட்டிப் போவது, தம்பியை அப்புறம் திட்டிக்கொள்வது என்று நினைத்து வந்திருந்தாள். அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"அவன ஒண்ணும் சொல்லாத. நான்தான் உங்கிட்ட சொல்ல வேணாம்னேன்."

"ஏம்மா?"

"சொன்னா உன் வீட்டுக்குக் கூப்புடுவ. அங்க வந்து இருக்க எனக்கு மனசு இல்ல. அத உன் மூஞ்சிக்கு நேரா எப்புடி சொல்றது?"

தம்பி பொய் சொன்னதை ஸ்ரீமதி இங்கே வரும் பஸ்ஸிலேயே பாதி விழுங்கியிருந்தாள். இங்கே இல்லாத மல்லிகைச் செடிக்கு அம்மா தண்ணீர் விட்டதைத்தான் விழுங்க முடியவில்லை. இருவரும் கலந்து பேசி, இன்றைக்கு என்ன சொல்வது என்று முடிவு செய்து, அவளை மட்டும் வெளியே நிறுத்தியிருக்கிறார்கள்.

கிளம்பும்போது அம்மா கட்டிய பூவை நீட்டினாள். வாங்கிக்கொண்டாள், தலையில் வைக்கவில்லை.

"இனிமே வீடியோ கால்லயே பேசும்மா" என்றாள்.

மகள் இனி வெறும் குரலை நம்பமாட்டாள் என்று தில்லையம்மாளுக்கு விளங்கிற்று. முகம் சுருங்கியது.

"சரிம்மா" என்றாள்.