மழைக்காகத்துக்குப் போன பச்சை டிக்

சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் மறுபடியும் அந்தப் பெயரைச் சொன்னார்.

"மழைக்காகம் இன்னைக்கு என்ன எழுதியிருக்கு பாத்தியா? என்ன பொறுமை, என்ன பொறுமை."

நான் கரண்டியைப் பாத்திரத்துக்குள் போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். அவருக்குக் கேட்கவில்லை. போனைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், சிரிப்பார். எவளுக்கோ உருகுவதை என் முகத்தைப் பார்த்தே செய்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். நான் அதே கம்பெனியில் உதிரிபாகப் பிரிவு. எங்கள் கல்யாணத்துக்குத் தரகு பார்த்தது என் மேசை மேல் இருந்த டெலிபோன். ஏதாவது ஒரு கட்டடத்தின் உச்சியிலிருந்து கூப்பிட்டு, கதவு மூட மாட்டேங்குது, பெட்டி பாதியில் நிற்குது என்பார். நான் எந்தப் பாகத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்வேன். சரியான பிறகும் போனை வைக்க மாட்டார். கல்யாணமான பிறகும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அப்புறம் கம்பெனி அந்தக் கேள்வி-பதில் தளத்தைக் கொண்டுவந்தது. இனி யாரும் யாருக்கும் போன் செய்யக் கூடாது, சந்தேகத்தைத் தளத்தில் போடுங்கள், தெரிந்தவர் பதில் எழுதுவார், எல்லோரும் படித்துப் பயன்பெறலாம் என்று சுற்றறிக்கை வந்தது. கேட்க வெட்கப்படக் கூடாது என்பதற்காக எல்லோருக்கும் புனைபெயர். பதில் பிடித்தால் யார் வேண்டுமானாலும் மேல் அம்பை அழுத்தலாம், பிடிக்காவிட்டால் கீழ் அம்பு. ஆனால் 'இதுதான் சரியான பதில்' என்று பச்சை டிக் போடும் உரிமை கேள்வி கேட்டவருக்கு மட்டும்தான். என் டெலிபோன் வாயடைத்துப் போனது.

சுவரோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்வதால் அவர் தனக்குப் 'பல்லி' என்று பெயர் வைத்துக்கொண்டார். நான் 'சுத்தியல்'. அதை அவரிடம் சொல்லவில்லை. என் பதில் எது என்று அவரே கண்டுபிடிக்கட்டும் என்ற வீம்பு எனக்கு. இத்தனை வருஷம் என் பேச்சைக் கேட்டவருக்கு அதுகூடத் தெரியாதா என்ன?

தெரியவில்லை. பல்லி கேட்ட கேள்விக்கெல்லாம் முதல் ஆளாக ஓடிப்போய்ப் பதில் எழுதுவேன். டிக் மட்டும் மழைக்காகத்துக்குப் போகும்.

அன்று அவர் கேட்டிருந்த கேள்வி இது: கதவு மூடுகிறது, உடனே திறந்துகொள்கிறது, என்ன செய்வது?

நான் எழுதினேன்: "சென்சாரைத் துடைக்கவும். கீழே கதவு ஓடும் பள்ளத்தில் கல் இருக்கும், எடுக்கவும். இதையெல்லாம் கேட்கலாமா?"

மழைக்காகம் எழுதியது: "முதலில் ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். லிஃப்ட் ஓடாததால் படியேறித்தான் வந்திருப்பீர்கள். மூச்சு அடங்கட்டும். பிறகு சென்சாரின் கண்ணைத் துடையுங்கள். அப்புறம் கதவு ஓடும் பள்ளத்தைப் பாருங்கள், ஒரு சின்னக் கல் அகப்பட்டாலும் அகப்படும்."

அதே சென்சார், அதே கல். நான் சொன்னதற்கு மேல் அவள் சொன்னது ஒரு வாய் தண்ணீர்தான். அந்தத் தண்ணீருக்குத்தான் டிக். மெக்கானிக்குக்குத் தண்ணீர் குடிக்கச் சொல்லித்தர ஒருத்தி, அதைக் கேட்டு மயங்க ஒருத்தர். எவ்வளவு குழைவு, எவ்வளவு நடிப்பு. கீழ் அம்பை அழுத்தினேன். ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான் என்று தளம் கணக்கு வைத்திருந்தது, இல்லாவிட்டால் விரல் தேயும்வரை அழுத்தியிருப்பேன்.

இன்னொன்றும் என் வயிற்றை எரித்தது. அந்தக் கேள்விக்கு அவருக்குப் பதில் தெரியும். எனக்கு முதன்முதலாகப் போன் செய்தபோது அவர் கேட்டதே அதுதான். தெரிந்ததையே எடுத்துப்போட்டு அவளோடு பேச்சு வளர்க்கிறார். அந்த வித்தை எனக்குத் தெரியாதா? என்னிடம் செய்ததுதானே?

மறுநாள் ஆபீசில் எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் மழைக்காகமாகத் தெரிந்தது. வரவேற்பில் இருப்பவள், சம்பளப் பிரிவில் இருப்பவள், தண்ணீர் பாட்டிலும் கையுமாகத் திரியும் தரப் பரிசோதகி. அவள் தண்ணீர் குடிப்பதைக்கூட நான் முறைத்துப் பார்த்தேன். பாவம், அவளுக்குப் புரை ஏறிவிட்டது.

மத்தியானம் ஒரு பில்லின் நகல் தேவைப்பட்டது. பில் போடுகிறவர் எனக்கு நேர் பின்னால் உட்காருவார். ஏசி ஆகாது என்று ஸ்வெட்டரும் காதில் பஞ்சுமாக, ஓய்வுபெற நாள் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர். நான் திரும்பிப் போய் அவர் பின்னால் நின்றேன். ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். திரையில், "முதலில் ஒரு வாய் தண்ணீர்" என்று ஓடிக்கொண்டிருந்தது.

"சார், நீங்களா மழைக்காகம்?"

அவர் திருடன் மாதிரி திரையை மறைக்கப் பார்த்தார். "மெதுவா பேசுங்க மேடம். பில் போடுறவன் லிஃப்டுக்குப் பதில் சொல்றான்னு தெரிஞ்சா கிண்டல் பண்ணுவாங்க."

"உங்களுக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?"

"நீங்க போன்ல சொன்னதுதான். இத்தனை வருஷம் பின்னாடி உக்காந்து கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆயிடுச்சு. போன் நின்னதும் எனக்குப் பொழுதே போகல."

"காதுல பஞ்சு வச்சிருக்கீங்களே."

"அது குளிருக்கு மேடம். அந்தத் தண்ணி கூட..." என்று ஏதோ ஆரம்பித்தார். நான் காதில் வாங்கவில்லை. மழைக்காகம் பெண்ணே இல்லை என்ற சந்தோஷத்தில் பில்லை வாங்க மறந்து என் இடத்துக்கு வந்துவிட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் மூக்கை உடைக்காமல் அன்று எனக்குத் தூக்கம் வராது.

"உங்க மழைக்காகம் யாருன்னு தெரியுமா?"

அவர் போனைக் கீழே வைத்தார். முகமெல்லாம் சிரிப்பு. "தெரியும். நீ எப்போ வாயத் திறப்பேன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன். நீதானே?"

"நானா?"

"அந்த முதல் போன் ஞாபகமிருக்கா? ஏழு மாடி ஏறிட்டு எனக்குப் பேச்சே வரல. நீ என்ன சொன்ன? 'மொதல்ல ஒரு வாய் தண்ணி குடிங்க, மூச்சு அடங்கட்டும்'னு சொன்ன. வேற யாரு அப்படிச் சொல்லுவாங்க? இப்பல்லாம் வீட்டுல நீ அப்படிப் பேசுறதே இல்லையா, சரி, அங்கயாச்சும் பேசுறாளேன்னு தெரிஞ்ச கேள்வியெல்லாம் கேட்டேன்."

அப்படி நான் சொன்னது எனக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. பில் போடுகிறவருக்கு ஞாபகம் இருக்கிறது, இவருக்கு ஞாபகம் இருக்கிறது. எனக்குத்தான் இல்லை. ஆமாம் நான்தான் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் அவர் இத்தனை நாள் போட்ட டிக் ஒன்றுகூட எனக்கு வந்ததில்லையே.

"மழைக்காகம் பில் போடுறவரு. என் பேச்சைக் கேட்டு எழுதறாரு," என்றேன். "நான் சுத்தியல்."

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "சுத்தியலா? நீயா?"

"ஏன், என் பதில்ல என்ன தப்பு?"

"தப்பே இல்ல. எல்லாம் சரியாத்தான் இருக்கும்." அவர் சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கினார். "ஆனா சுத்தியலோட பதில் வந்தா திறந்து பாக்கவே பயமா இருக்கும்மா."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இனிமேல் சண்டை போடவும் ஆள் இல்லை. நான் இத்தனை நாள் கறுவிக்கொண்டிருந்தது போனில் பேசிய அந்தப் பழைய என்னைப் பார்த்துத்தான்.

மறுநாள் காலை தளத்தில் பல்லியின் கேள்வி ஒன்று வந்திருந்தது. பெட்டி தரைக்கு ஒரு விரல் கீழே நிற்கிறது, என்ன செய்வது? இதுவும் அவருக்குத் தெரிந்ததுதான். திரும்பிப் பார்த்தேன். பில் போடுகிறவர் விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எனக்கு வழி விட்டார்.

நான் எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். "முதலில் ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள்."

மத்தியானத்துக்குள் என் பதிலுக்குக் கீழ் அம்புகள் குவிந்துவிட்டன. அடியில் யாரோ ஒரு மெக்கானிக் எழுதியிருந்தார்: "சுத்தியல் அவர்களே, இது மழைக்காகத்தின் வாசகம். காப்பியடிக்காமல் சொந்தமாக எழுதவும்." அதற்கு ஏகப்பட்ட மேல் அம்புகள்.

எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒரே ஒரு பச்சை டிக்.

அதைத் திரையில் ஒரு தரம் தொட்டுப் பார்த்தேன். பிறகு, மழைக்காகத்துக்கு அவர் போட்ட பழைய டிக்கையெல்லாம் எடுத்துவிட்டாரா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க ஆரம்பித்தேன்.