கரும்பு கடிக்கும் பல்

"புடுங்கிடாதீங்கம்மா, கெஞ்சிக் கேட்டுக்க..."

"யாருங்க புடுங்கறது? அளக்கத்தான் போறேன், வாயத் தொறங்க!"

எண்பத்தேழாம் வருடம் இட ஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியலில், வழியை அடைக்க வெட்டிச் சாய்த்த புளியமரக் கிளை அடித்து, ராசுவின் முன்பல் ஆட்டம் கண்டு ஒரு மாதமாகிறது. அந்தப் பல்லால் கடித்துப் பார்த்துத்தான் கரும்பு முற்றிவிட்டதா என்று மூங்கில்துறைப்பட்டு ஊருக்கே அவர் சொல்லிவந்தார். கள்ளக்குறிச்சிப் பல் டாக்டர் மலர்விழி, இரண்டு கருவிகளின் காம்புகளுக்கு நடுவே பல்லைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தார். ராசு கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"போன தபா ரெண்டு மில்லிமீட்டர் ஆடிச்சு. இன்னிக்கி அரைகூட இல்ல! பல்லு புடிச்சிக்கிச்சுங்க!"

"நெசமாவா!" ராசு நாற்காலியிலிருந்து துள்ளி இறங்கி, மஞ்சள் பைக்குள்ளிருந்து ஒரு முழக் கரும்பை உருவினார்.

"அப்ப இத்த இங்கியே ஒரு கடி கடிச்சிப் பாத்துடட்டுமா, டாக்டரம்மா?"