கோகிலனின் காது

கோகிலன் பகலில் சிம்பாங் பூலாய் கல்குவாரியில் லோரி ஓட்டினான். சனி ஞாயிறுகளில் சின்னையாவின் கல்யாண பேண்டில் கித்தார் வாசித்தான். இரண்டில் எது உன் வேலை என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் கித்தார் என்பான். வயது நாற்பத்தாறு. அவன் கையில் இருந்தது எழுபதுகளில் ஜப்பானில் செய்த எலெக்ட்ரிக் கித்தார். இருபத்திரண்டு வயதில், ஈப்போவில் மூடப்போகும் கிளப் ஒன்றின் சீன வாத்தியக்காரரிடம் வாங்கியது.

அதை அவன் பார்த்துக்கொண்ட விதத்தை மனைவி சரளா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் ஆறு கம்பிகளையும் ஒவ்வொன்றாகத் துடைப்பான். நம் ஊர்ப் புழுக்கத்துக்கும் விரல் வியர்வைக்கும் துடைக்காத கம்பி இரண்டு வாரத்தில் துருப்பிடித்துவிடும். சப்பாத்துப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்து வைத்து கித்தார்ப் பெட்டிக்குள் போட்டிருந்தான். ஆனால் உள்பக்கத்தை மட்டும் தொடமாட்டான். அதற்கு அஸ்லான் இருந்தான்.

ஈப்போவின் சிலிபினில் தன் அண்ணனின் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் அஸ்லான் பட்டறை வைத்திருந்தான். மழைக் காலத்தில் கித்தாரின் கழுத்து லேசாக வளைந்துகொள்ளும். கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டை அவன் கால் சுற்று திருப்பி அதை நேராக்குவான். கம்பிகளை விரலுக்கு நோகாத உயரத்துக்கு இறக்குவான். கழுத்தில் எங்கே அழுத்தினாலும் சுருதி பிசகாதபடி ஒவ்வொரு கம்பியின் நீளத்தையும் சரிபார்ப்பான். அவன் கையிலிருந்து வந்த கித்தார் தானாகவே வாசிக்கும் என்று கோகிலன் பேராக் மாநிலம் முழுக்க இருந்த பேண்டுகளிடம் சொல்லிவைத்திருந்தான். அஸ்லானுக்கு வந்த வேலையில் பாதி அந்தப் பேச்சினால் வந்ததுதான்.

பிப்ரவரியில் கோகிலன் வழக்கம்போலக் கித்தாரைக் கொண்டுபோய்க் கொடுத்தான். எப்போதும் இரண்டு நாளில் கிடைப்பது இந்த முறை பத்து நாள் ஆனது. திரும்பி வாங்கப் போனபோது புதிது மாதிரிப் பளபளத்தது. அங்கேயே ஒலிபெருக்கியில் மாட்டி இரண்டு தடவை மீட்டியவன் கையை எடுத்துவிட்டான். சத்தம் மெலிந்திருந்தது. அடியில் இருந்த கனம் காணோம்.

அஸ்லான் வாங்கித் தானும் மீட்டிப் பார்த்தான். தலையை ஆட்டினான்.

“அதே சத்தந்தான் அண்ணே. நீங்க எதுக்கும் காத ஒரு தடவ செக் பண்ணிப் பாருங்க. டிரம்முக்குப் பக்கத்துல நின்னு இருபது வருசமாச்சு லா.”

அதை அன்பாகத்தான் சொன்னான். கோகிலனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. தலையாட்டிவிட்டு இறங்கினான்.

அடுத்த கல்யாணத்தில் தேடிய சத்தம் கிடைக்காமல் பாட்டுக்குப் பாட்டு குமிழ்களைத் திருகிக்கொண்டே இருந்தான். கித்தார் மற்ற எல்லாவற்றையும் அமுக்குகிறது என்று சின்னையா கையைக் காட்டினார். அதற்குள் அஸ்லான் அவரைக் கீழ்க்கடையில் பார்த்து, தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, கோகிலன் அண்ணனுக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது, நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம் என்று வருத்தப்பட்டிருந்தான்.

சரளாவின் வற்புறுத்தலில் கோகிலன் ஒரு கிளினிக்குக்குப் போனான். இடது காதில் மேல் சுரங்கள் கேட்பது கொஞ்சம் குறைந்திருக்கிறது, இந்த வயதில் பலருக்கும் இருப்பதுதான், பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். குறைந்திருக்கிறது என்பது மட்டும்தான் அவன் மனதில் நின்றது. மற்றவர்கள் கண்டுபிடிப்பதற்குள் தானே சொல்லிவிடுவது மரியாதை என்று நினைத்தான். எனக்குக் காது போய்விட்டது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சிரித்தபடி சொன்னான். மே மாதம் ஒரு மண்டபத்தில், சுருதி விலகிவிட்டோம் என்று நினைத்துப் பாட்டின் நடுவில் நிறுத்திவிட்டான். விலகியது பாடகர். முன்வரிசையில் யாரோ கைதட்டிச் சிரித்தார்கள். மறுநாள் சின்னையா போன் செய்து கொஞ்ச நாள் ஓய்வெடுக்கச் சொன்னார்.

ஜூனில் கித்தாரை ஷர்மினியிடம் விற்றான். காம்பாரில் விரிவுரையாளர், அதே ஆண்டில் செய்த ஜப்பான் கித்தாரை இரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தவள். கம்பியை எப்படித் துடைக்க வேண்டும் என்று அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்துவிட்டு, அவள் கார் போன பிறகு குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதான்.

மூன்று வாரத்தில் அவள் கித்தாரோடு திரும்பி வந்தாள். கோலாலம்பூரில் ஒருவரிடம் கொடுத்துத் திறந்து பார்த்திருக்கிறாள். கம்பியின் அதிர்வை வாங்கி ஒலியாக்குவது பிக்கப் எனும் காந்தம். கித்தாரின் குரலே அதில்தான் இருக்கிறது. வெளி மூடிகள் பழையவைதான்; உள்ளே இருந்த இரண்டு பிக்கப்பும் மலிவான புதுச் சரக்கு. ஈயம் வைத்து ஒட்டிய இடம் இன்னும் மின்னிக்கொண்டிருந்தது.

அவள் உட்காரவில்லை. “பழசுன்னு சொல்லித்தானே வித்தீங்க? உள்ள இருந்தத உருவிட்டு, காது போச்சுன்னு கத வேற.”

கோகிலன் அலமாரியைத் திறந்தான். வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்தான். அவள் கித்தாரை வைத்துவிட்டுப் போனபின் சரளா போனைக் காட்டினாள். கித்தார்க்காரர்கள் குழுவில் ஏமாற்றுக்காரன் என்ற தலைப்போடு அவன் படம் வந்திருந்தது. ஷர்மினி அதைக் கடைசிவரை எடுக்கவில்லை.

அன்று முதன்முறையாகத் திருப்புளி எடுத்துக் கித்தாரைத் திறந்தான். பார்த்ததும் முதலில் வந்தது கோபமல்ல, சந்தோஷம். பிப்ரவரியில் அவன் கேட்டது சரி. பிறகுதான் நடுவில் போன மாதங்கள் நினைவுக்கு வந்தன.

மறுநாள் காலை பட்டறைக்குப் போனான். அஸ்லான் ஒரு கித்தாரின் கழுத்தை அரம் வைத்து ராவிக்கொண்டிருந்தான். பழைய பிக்கப் எங்கே என்று கோகிலன் கேட்டபோதும் கையை நிறுத்தவில்லை. சிங்கப்பூரில் ஒருவர் அந்த வருடத்துச் சாமானைத் தேடிக்கொண்டிருந்தார், அங்கே போய்விட்டது என்றான். மறைக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

“எடுத்தது எடுத்த. காது போச்சுன்னு ஏன் சொன்ன தம்பி?”

அஸ்லான் அரத்தைக் கீழே வைத்தான். நியாயமான கேள்விதான் என்பதுபோல யோசித்தான்.

“ரெண்டு தடவ மீட்டுனதும் கண்டுபிடிச்சிட்டீங்க. வேற யாருக்கும் தெரிஞ்சிருக்காது அண்ணே. உங்க காது அப்படி. அப்ப நான் வேற என்னா சொல்றது?”

எல்லாரிடமும் சொல்லிவிடுவேன் என்றான் கோகிலன்.

“சொல்லுங்க. காது போச்சுன்னு ஊரெல்லாம் சொன்னது நீங்க. ஏமாத்துக்காரன்னு உங்க படந்தான் ஓடுது. யாரு நம்புவா?”

சுவரில் பதினொரு கித்தார்கள் தொங்கின. ஒன்றை எடுத்துத் தரையில் அடிக்கலாமா என்று கோகிலன் பார்த்தான். ஏழு பேரின் கித்தார்களை அவனுக்கு அடையாளம் தெரிந்தது. அவர்களை இங்கே அனுப்பியதே அவன். படி இறங்கி வந்துவிட்டான்.

போலீசில் புகார் எழுதிக்கொண்டார்கள். முன்பு உள்ளே என்ன இருந்தது என்பதற்குப் படம் இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை. சின்னையா முழுவதும் கேட்டுவிட்டு, நீ சொல்வதை நம்புகிறேன், ஆனால் தீபாவளி வரைக்கும் வேறு ஆளைப் பேசியாகிவிட்டது, பேண்டின் சாமானெல்லாம் அஸ்லான் கையில்தான் இருக்கிறது, பிரச்சினை வேண்டாம் என்றார்.

கோகிலன் சுமாரான பிக்கப் இரண்டு வாங்கி, வீடியோ பார்த்து, விரலைச் சுட்டுக்கொண்டு தானே பொருத்தினான். கழுத்தை நிமிர்த்திக் கம்பி உயரத்தைச் சரிசெய்ய நான்கு ஞாயிறுகள் பிடித்தன. கடைசியில் சுருதி பார்க்கும் செயலியைப் போனில் திறந்து வைத்து மூன்றாம் கம்பியை மீட்டினான். முள் நடுவில் நின்றது. அவனுக்குச் சுருதி இறங்கிக் கேட்டது. திரும்ப மீட்டினான். முள் அசையவில்லை. தன் காது சரிதான் என்று அவனுக்கு இப்போது தெரியும். தெரிந்தும் அதை நம்ப முடியவில்லை.

சரளாவைக் கூப்பிட்டான். அவளுக்குச் சங்கீதம் தெரியாது. ஈரக் கையைத் துடைத்தபடி வந்து நின்றாள்.

“சரியா இருக்கா பாரு.”

“சரியாத்தான் இருக்கு.”

மறுபடி மீட்டிக் கேட்டான். அதையே சொன்னாள். மூன்றாம் முறை கேட்டபோது அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் குனிந்து கம்பியை இன்னும் கொஞ்சம் முறுக்கினான்.